பிராணிக் கடை உத்தியோகம்

வடசென்னையிலிருந்து வாலிபர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதத்தைச் சென்ற வாரம் முழுவதும் மேஜைமீது வைத்திருந்தோம். அவர் வணிகவியலில் பட்டம் பெற்றவர். இரண்டாண்டுகள் சர்க்கார் பரீக்ஷைகள் எழுதிப் பார்த்துப் பயன் காணாமல், இப்பொழுது ஜனங்கள் 'பெட் ஷாப்' என்று வழங்கும் வளர்ப்புப் பிராணிக் கடையொன்றில் வேலை ஏற்றுக்கொண்டிருக்கிறார். “நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைக்கவா உன்னைப் படிக்கவைத்தேன்?” என்று தகப்பனார் கேட்டாராம். மாமனார் முறையுள்ள ஒருவர் பெண் தருவதாக இருந்த பேச்சையே நிறுத்திக்கொண்டாராம். கடிதத்தின் கடைசியில், “வேலையில் சேருமுன் நான் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?” என்று வினவியிருக்கிறார்.

இவ்வினா நமக்குப் பெரிதும் மகிழ்ச்சி தந்தது. உத்தியோகம் கிடைத்தவுடன் சம்பளம் எவ்வளவு, விடுமுறை எத்தனை நாள் என்று கேட்பவர்களையே நாம் இதுகாறும் கண்டிருக்கிறோம். தமக்கு என்ன தெரியாது என்று கேட்கும் மனிதர் அருமை. ஆகவே இதற்குத் தனிக் கடிதமாக அன்றி இப்பத்தியிலேயே விடை எழுதத் துணிந்தோம். தேசத்தின் பெரிய விஷயங்கள் இருக்க நாய்க்குட்டியும் வண்ணமீனும் தலையங்கப் பக்கத்துக்கு ஏற்ற விஷயமா என்று நமது நண்பர்கள் சிலர் புருவம் நெரிப்பார்கள். படித்த வாலிபன் கைத்தொழிலுக்குப் போவதை அவமானமென்று கருதும் ஒரு சமூகத்தில், அக்கருத்தைக் குறித்துப் பேசுவதைவிடப் பெரிய விஷயம் எதுவென்று நமக்குத் தெரியவில்லை.

முதலில் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலேயர் நமக்கு விட்டுப்போன சொத்துக்களில் மிகக் கொடியது நாற்காலி மோகம். காகிதத்தைப் புரட்டும் கை மேலானது, தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் கை கீழானது என்னும் எண்ணம் அவர்களால் மட்டும் வந்ததன்று. நம்மிடம் முன்பே இருந்த ஜாதி இறுமாப்புக்கு அவர்கள் சம்பளப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவே. பிராணிகளைப் பேணும் வேலைக்கு அறிவு வேண்டியதில்லை என்று தகப்பனார் நினைக்கிறார். அது தவறு என்பதைக் காட்டுவதற்குக் கொளத்தூருக்கு ஒருமுறை சென்று வந்தால் போதும்.

கொளத்தூரும் அதைச் சுற்றியுள்ள வில்லிவாக்கம் முதலிய இடங்களும் வண்ணமீன் வியாபாரத்துக்குத் தேசமெங்கும் பேர் பெற்றவை. அங்கே கண்ணாடித் தொட்டிக்கு முன் நின்றுகொண்டிருக்கும் பையன், பார்வைக்கு ஒன்றும் செய்யாதவன்போல் தோன்றுவான். உண்மையில் அவன் ஒரு ரசாயன சாலையை நடத்துகிறான். மீன் விடும் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அது மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சே. மற்றொரு நுண்ணுயிர் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கித் தீங்கைக் குறைக்கிறது. புதிய தொட்டியில் இவ்வுயிர்கள் பெருகி நிலைபெறுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் வரை செல்லும். இதை அறியாதவர் காலையில் தொட்டி வாங்கி மாலையில் பத்து மீன் விட்டு, ஒரு வாரத்துக்குள் பத்தையும் குப்பையில் கொட்டிவிட்டு, “கடைக்காரன் செத்த மீனை விற்றுவிட்டான்” என்கிறார். கடைக்காரன் விற்றது நல்ல மீனே. அதனோடு நாலு வார்த்தை சொல்லி விற்காததுதான் அவன் செய்த பிழை. கார்ப்பரேஷன் குழாய்நீரில் கிருமி நாசத்துக்காகக் கலக்கும் குளோரின் மீனின் செவுளைச் சுட்டுவிடும் என்பதும், தொட்டி அழுக்காயிற்றென்று நீர் முழுவதையும் மாற்றி வடிகட்டியையும் தேய்த்துக் கழுவினால் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடுகிறோம் என்பதும், பையோடு மீனைத் தொட்டி நீரில் கால் மணி நேரமாவது மிதக்கவிட்டுப் பிறகே திறக்கவேண்டும் என்பதும் அந்நாலு வார்த்தைகளுள் அடங்கும். நமது வாலிபர் எதையும் படிக்குமுன் இதைப் படிக்கட்டும். ஒரு பழைய தொட்டியை வாங்கி வீட்டு மூலையில் வைத்து, ஆறு வாரம் நீரைச் சோதித்துக் குறிப்பெழுதட்டும். புத்தகத்தில் பத்து நாள் படிப்பதைவிட அது அதிகம் கற்றுத் தரும்.

பறவைகளின் விஷயம் வேறு. பிடுங்கித் தின்னும் பகை எங்கும் இருப்பதால், நோய் வந்த பறவை அதைக் கடைசிமட்டும் மறைத்தே வைக்கும். சிறகை உப்பவைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கூண்டின் அடியில் அது உட்கார்ந்துவிட்டதென்றால், நோய் வந்து பல நாளாயிற்று என்று பொருள். ஆகையால் தினந்தோறும் எச்சத்தின் நிறத்தையும், தீனிக் கிண்ணத்தில் உமி எவ்வளவு, தானியம் எவ்வளவு என்பதையும் பார்க்கிறவனே பறவையைக் காப்பாற்றுவான். உமி நிறைந்த கிண்ணத்தைத் தூரத்திலிருந்து பார்த்துத் தீனி இருக்கிறதென்று எண்ணிப் பட்டினியால் சாகவிட்ட கடைகள் உண்டு. இன்னொரு சங்கதி: நம்மூரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி விற்கும் சிறு கிளிகளிற் பெரும்பாலானவை அப்பெயருக்கு உரியவை அல்ல. அவை ஆஸ்திரேலியாவைத் தாயகமாகவுடைய பட்ஜெரிகார். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை. மூக்கின்மேல் உள்ள மெழுகுபோன்ற பாகம் நீலமாயிருந்தால் பெரும்பாலும் ஆண், பழுப்பாயிருந்தால் பெண் என்று வளர்ந்த பட்ஜெரிகாரில் அறியலாம். ஜோடி என்று சொல்லி இரண்டு ஆண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டு, முட்டை ஏன் இடவில்லை என்று கேட்பவரிடம் முழிக்கும் கடைச் சிப்பந்தியை நாமே கண்டதுண்டு.

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கலாகாது; பின்காலைத் தாங்காமல் தூக்கினால் அது உதைத்த உதையில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும். பூனை மாமிசமின்றி வாழாது. சைவக் குடும்பத்தார் தயிர்ச்சோற்றிலேயே அதை வளர்க்க விரும்பினால் அவர்களுக்குப் பூனை விற்பது பாவம். நாய்க்குச் சாக்லெட்டும் திராக்ஷையும் வெங்காயமும் விஷம். இவை போன்றவற்றைக் கேட்டும் படித்தும் ஒரு மாதத்தில் அறிந்துகொள்ளலாம்.

கடையேழு வள்ளல்களில் ஒருவனாகிய பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். மயில் குளிரால் நடுங்கியதா, மகிழ்ச்சியால் ஆடியதா என்று அவன் விசாரித்தானில்லை. புலவர்கள் அதைக் கொடைமடம் என்று போற்றினார்கள். அரசனுக்கு அது அழகாகலாம். பிராணிக் கடைச் சிப்பந்திக்கு உதவாது. அன்பு மாத்திரம் கொண்டு இவ்வேலைக்கு வருகிறவர், கோடையில் நாய்க்குட்டிக்குக் கம்பளி விரிப்பதும், ஆமைக்கு ரொட்டி ஊட்டுவதுமாக அன்பினாலேயே அதைக் கொன்றுவிடுவார்.

இனி, தம்மைக் காத்துக்கொள்ளும் விஷயம். முதலாளிகள் இதைக் குறித்து வாய் திறப்பதில்லை, சிப்பந்திகளும் கேட்பதில்லை. வெறிநாய்க்கடி நோயால் உலகத்தில் மடிவோரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர் நம் நாட்டினர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. நோய்க்குறி தோன்றிவிட்டால் அநேகமாக மீட்சியில்லை. ஆனால் கடிபடுமுன்பே போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இருக்கிறது; நாய் பூனைகளைத் தினமும் கையாளுகிறவர் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. குன்னூரில் 1907-ல் பாஸ்டர் ஸ்தாபனத்தை நிறுவிய ஒரு நாட்டில், நாய்க்கடிக்கு மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வெட்கம். கடித்தாலும் கீறினாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முன்பே தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் அப்படியே போகவேண்டும்.

பறவைகளிடமிருந்து வரும் கிளிக்காய்ச்சலைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டதேயில்லை. 1929, 1930-ம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகளோடு கப்பலேறி, அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிப் பலரைப் பலிகொண்டது. உலர்ந்த எச்சம் தூளாகிக் காற்றில் பறப்பதை மூச்சோடு இழுப்பதே பெரும்பாலும் நோய்க்கு வழி. ஆகையால் கூண்டின் அடித்தட்டை நனைத்த பிறகே பெருக்கவேண்டும், முகமூடி அணியவேண்டும். நீடித்த காய்ச்சலும் வறட்டு இருமலும் கண்டால் டாக்டரிடம், “நான் பறவைக் கடையில் வேலை செய்கிறேன்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லவேண்டும். அவ்வொரு வாக்கியத்தைக் கேட்டால் டாக்டர் சரியான மருந்தை விரைவில் கொடுப்பார். சொல்லாவிட்டால் வெறும் சளிக்காய்ச்சலென்று பத்து நாள் போய்விடும்.

நாய்க்குட்டிகளை மாய்க்கும் பார்வோ என்னும் நோய் மனிதரைத் தொடாது. ஆனால் மனிதரின் செருப்பிலும் கையிலும் ஏறிக் கூண்டுக்குக் கூண்டு தாவும். சாதாரணப் பினாயிலுக்கு அது அஞ்சுவதில்லை. பிளீச்சிங் கரைசலுக்கே அடங்கும். ஆகையால் நோயுற்ற குட்டியைக் கடைசியாகத் தொடவேண்டும், நலமுள்ளதை முதலில் தொடவேண்டும். இந்த ஒழுங்கு தெரியாத ஒரு சிப்பந்தி ஒரே வாரத்தில் கடையைக் காலிசெய்துவிடுவான். பழி முழுவதும் குட்டிகளை அனுப்பியவன் தலையில் விழும்.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். நமது தொழில் அதுவாகையால் இங்கே சற்று நீளமாக எழுதுவதை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்காக நாம் ஜாமீன் மனு போட நேர்ந்தது. கடையின் பின்புறத்தில் ஓர் அட்டைப்பெட்டி; அதில் பதினொரு நக்ஷத்திர ஆமைகள். வன அதிகாரிகள் வந்தபொழுது கடையிலிருந்தவன் அப்பையன் ஒருவனே. முதலாளி அன்றிரவே, “எனக்குத் தெரியாமல் அவனே கொண்டுவந்து வைத்தான்” என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீர் தெளி என்றார்கள்; தெளித்தான். சிறையிலிருந்து வெளிவர அவனுக்கு நாற்பது நாளாயிற்று. அவன் தாயார் நமது வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை.

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 57-வது பிரிவை எத்தனை கடைச் சிப்பந்திகள் அறிவார்கள்? தடுக்கப்பட்ட பிராணி ஒருவன் கைவசம் இருக்கக் கண்டால், அது சட்டவிரோதமாகவே வைத்திருக்கப்படுகிறதென்று அனுமானம் செய்துகொள்ளப்படும். அன்று என்று காட்டும் பாரம் அவனையே சேரும். சாதாரணக் குற்றங்களில் சர்க்கார் நிரூபிக்கவேண்டும். இங்கே ஏழைச் சிப்பந்தி நிரூபிக்கவேண்டும். 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பின், முதல் அட்டவணைப் பிராணியானால் தண்டனை மூன்று வருஷத்துக்குக் குறையாது, ஏழு வருஷம் வரை போகலாம். இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. நக்ஷத்திர ஆமை இப்பொழுது அம்முதல் அட்டவணையில் இருக்கிறது. நம் தோப்புகளில் பறக்கும் பச்சைக்கிளியையும் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். மீனாக்ஷி கையிலும் ஆண்டாள் கையிலும் கிளி இருக்கிறதே என்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாள்தோறும் இலையாலும் பூவாலும் புதிதாகக் கட்டி வைப்பது இலைக்கிளி; எந்த உயிரின் சிறகையும் கத்தரித்து அங்கே வைப்பதில்லை.

பழைய மூர் மார்க்கெட்டில், 1985-ல் அது தீக்கிரையாகும்வரை, புத்தகக் கடைகளோடு பறவைக் கூண்டுகளும் இருந்ததைச் சென்னை வாசிகளில் மூத்தவர்கள் அறிவார்கள். அக்காலத்து வழக்கம் வேறு. இக்காலத்துச் சட்டம் வேறு. “எங்கள் தாத்தா காலத்திலிருந்து விற்கிறோம்” என்பது கோர்ட்டில் எடுபடாது. அந்நியநாட்டுப் பறவைகளிலும் ஊர்வனவற்றிலும் சர்வதேச ஒப்பந்த அட்டவணையில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்யவேண்டுமென்று 2024-ல் தனி விதிகளும் வந்துவிட்டன.

2018-ம் வருஷத்துப் பிராணிக் கடை விதிகளின்படி, மாநிலப் பிராணிநல வாரியத்தில் பதிவுபெறாமல் கடை நடத்தலாகாது. கணக்குப் புத்தகம் வைக்கவேண்டும். எட்டு வாரம் நிரம்பாத நாய்க்குட்டியை விற்கலாகாதென்று 2017-ம் வருஷத்து விதி கூறுகிறது. தாயின் மடியிலிருந்து ஐந்தாம் வாரத்திலேயே பிடுங்கப்பட்ட குட்டி, கடிப்பதன் அளவைக் கற்றுக்கொள்வதில்லை. நோயை எதிர்க்கும் வலுவும் அதற்குக் குறைவு. வாங்குகிறவருக்குச் சின்னஞ்சிறு குட்டியே அழகென்பதால் கடைகள் வயதைக் கூட்டிச் சொல்லி விற்கின்றன. அப்பொய்யைச் சொல்லும் வாய் பெரும்பாலும் சிப்பந்தியின் வாய். ஆகவே நமது வாலிபர் முதல் நாளே பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கட்டும். கணக்குப் புத்தகத்தைத் தம் கையால் எழுத முன்வரட்டும். வணிகவியல் படித்தவர் அல்லவா! வந்த பிராணி, விற்ற பிராணி, இறந்த பிராணி என்று மூன்று பத்திகளைத் தினமும் நேர்மையாக எழுதுவாராயின், அவருக்கு அதைவிடச் சிறந்த வக்கீல் வேண்டியதில்லை.

மறுபுறம், பிராணிவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் பிறந்தது. அதன் 11-வது பிரிவு முதற்குற்றத்துக்கு விதிக்கும் அபராதத்தின் உச்சம் ஐம்பது ரூபாய். இன்று ஒரு நாய்க்குட்டியின் கழுத்துப்பட்டைகூட அவ்விலைக்குக் கிடைக்காது. ஆமையைத் தொட்ட ஏழைக்கு மூன்று வருஷம். ஐம்பது குட்டிகளைக் காற்றில்லா அறையில் அடைத்த தனவானுக்கு ஐம்பது ரூபாய். பார்லிமெண்டில் அமர்ந்திருப்போர் இதைத் திருத்தாமல் ஜீவகாருண்யம் பேசுவது நகைப்புக்கிடமானது.

சுதேசி விஷயத்தில் நமக்கு ஒரு பிடிவாதம் உண்டென்பதை வாசகர் அறிவர். சைபீரியப் பனியில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி நாயை இரட்டை ரோமப் போர்வையோடு சென்னை அக்கினி நக்ஷத்திரத்தில் மூன்றாம் மாடியில் கட்டிவைப்பது நாகரிகமென்று எண்ணப்படுகிறது. இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கோம்பையும் கன்னியும் இம்மண்ணின் வெயிலில் வளர்ந்தவை. 2005-ல் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. ஆயினும் சுதேசிப் பற்றினால் மட்டும் அவற்றை எல்லாருக்கும் விற்கலாகாது. வேட்டைக்கும் காவலுக்கும் உரிய நாய் அது. ஓட இடம் வேண்டும். இரண்டறை வீட்டில் காலை முதல் மாலைவரை தனியே பூட்டிவைப்பவருக்கு இராஜபாளையமும் வேண்டாம், ஹஸ்கியும் வேண்டாம். “ஐயா, உங்கள் வீட்டுக்கு நாய் பொருந்தாது” என்று சொல்லும் தைரியம் இவ்வேலைக்கு இன்றியமையாதது. முதலாளி முகம் சுளிப்பார். இரண்டு மாதத்தில் அந்நாய் தெருவில் விடப்படுவதை எண்ணிப் பார்த்தால் அச்சுளிப்பு பெரிதன்று. தொட்டிக்குப் பெரிதாய்ப் போன 'டேங்க் கிளீனர்' மீனை ஏரியில் விட்டுவிடுகிறவர்களுக்கும் இவ்வாறே எச்சரிக்கை செய்யவேண்டும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த அம்மீன் நம் ஏரிகளில் பெருகிச் செம்படவர் வலைகளைக் கிழிக்கிறது.

சிப்பந்தியின் உரிமைகளையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடைகளிலும் ஸ்தாபனங்களிலும் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரவேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் செய்யப்பட்டது. பிராணிக் கடைகளில் நாற்காலி வாடிக்கைக்காரருக்கு மட்டும் இருப்பதை நாம் பார்க்கிறோம். கையுறை, முகமூடி, தடுப்பூசி இவற்றின் செலவு முதலாளியுடையது. சம்பளத்தில் பிடிக்கத் தக்கதன்று. பதினாலு வயது நிரம்பாத பிள்ளைகளைக் கூண்டு கழுவ வைத்திருக்கும் கடை எதுவாயினும், அங்கே நமது வாலிபர் சேரவேண்டாம்.

சென்னையில் 1903-ல் கால்நடை வைத்தியக் கல்லூரி தோன்றியது; 1989 முதல் தனிச் சர்வகலாசாலையே இருக்கிறது. மீன் தொட்டி, பறவைக் கூண்டு, நாய்க்குட்டி இவற்றைக் குறித்து, பத்தாம் வகுப்புப் படித்தவர் விளங்கிக்கொள்ளத்தக்க தமிழில், மாலை நேரத்தில், கடைச் சிப்பந்திகளுக்கென்று மூன்று மாதப் பாடம் நடத்தி நற்சாட்சிப் பத்திரம் அளிக்கச் சர்க்கார் ஏற்பாடு செய்யவேண்டும். அப்பத்திரம் உடைய ஒருவராவது இல்லாத கடைக்குப் பதிவு கொடுக்கலாகாதென்று விதி செய்யவேண்டும். வாகனம் ஓட்ட லைசென்ஸ் கேட்கும் சர்க்கார், நூறு உயிர்களை ஒருவன் கையில் ஒப்படைக்கும்போது ஒன்றும் கேளாதிருப்பது விந்தை. அப்பத்திரம் சுவரில் தொங்குமாயின் நமது வாலிபரின் தகப்பனாரும், பெண் தர மறுத்த மாமனாரும் வேறுவிதமாகப் பேசுவார்கள் என்றே நினைக்கிறோம்.

வாலிபர் வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர்கிறாராம். அதற்குள் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வரட்டும். கடையின் பின்புறத்தில் மூடிய பெட்டி இருந்தால் திறந்து பார்த்த பிறகே தண்ணீர் தெளிக்கட்டும். உள்ளே இருக்கத் தகாதது இருந்து, முதலாளி பேசாதிரு என்பாராயின், அன்றைய கூலியைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு நமது காரியாலயத்துக்கு வரட்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் நாம் இங்கேயே இருப்போம்.